ஆடியில் பார்க்கக் கூடாத வீடு

பாதி கட்டிய வீட்டை வாங்குவதைப் பற்றி என் முன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் நான் மூட மாட்டேன். போன வாரம் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் ஒருத்தி, "ரிங் ரோடு பக்கம் ஒரு வீடு பாத்தோம்ப்பா, இன்னும் பூச்சு ஆகல" என்று சும்மா சொல்லிவைத்தாள். அவளுடைய டப்பா காலியாகும்வரை நான் விடவில்லை.

அஸ்திவாரம் மட்டும் எழும்பி நிற்கும்போது வாங்கினால் கையைக் கடிக்காது. ஆனால் இல்லாத வீட்டைக் கண்ணால் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னல்களின் தலைக்கு மேல் ஓடுகிற கான்கிரீட் பட்டை, அதுவரை வந்த வீடு என்றால் உள்ளே நின்று காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கலாம். ஜன்னலை மட்டும் இனி மாற்ற முடியாது. கூரை போட்ட வீட்டில் ஒழுகலைப் பார்க்கலாம். பூச்சு முடிந்த வீட்டில் ஒன்றையும் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் மூடியிருப்பார்கள், சிமெண்டாலும் சிரிப்பாலும்.

"நீ எந்த ஸ்டேஜ்ல வாங்கினே?" என்று அவள் கேட்டாள்.

"எல்லா ஸ்டேஜ்லயும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அவளுக்கு அது ஜோக்காகவே இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் மூன்றே பேர். அப்பா தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் மைசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அதே தொழிற்சாலையில் தலை நரைத்தவர். அம்மாவும் அந்தப் பக்கம்தான். நான் இங்கேயே பிறந்தவள். கன்னடத்தில் படித்து, கன்னடத்தில் ஊர் சுற்றி, கோபம் வந்தால் மட்டும் தமிழுக்குத் திரும்புகிறவள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நாங்கள் குடியிருந்ததெல்லாம் மாடி வீடுகள். மாடி வீட்டுக்குப் படி உண்டு, வாசல் கிடையாது. கீழே வீட்டுக்காரம்மா தண்ணீர் தெளித்துப் போட்ட ரங்கோலியை அம்மா ஓரமாக, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தாண்டிப் போவாள். மார்கழியில் அவளுக்குக் கை ஊறும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோலம் போட்டுவிட்டு வருவாள். அதைப் பார்க்கக் காக்காய்தான் வரும்.

"எனக்கு வீடெல்லாம் வேண்டாம்" என்பாள். "ஒரு வாசல் வேணும். காலையில கதவத் தொறந்தா தரை தெரியணும். அவ்வளவுதான்."

இருந்த வீடு லீஸ். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. சொந்த வீடு வாங்கப் போகிறோம் என்றதும் வீட்டுக்காரர் அந்தத் தொகையை முன்கூட்டியே கொடுக்கச் சம்மதித்தார், தசராவுக்குள் காலி செய்துவிட வேண்டும் என்ற பேச்சில். அந்தப் பணமும் என் சம்பளத்தில் சேர்ந்ததும் அப்பா மிச்சம் பிடித்துவைத்ததும் போய்ச் சேர்ந்த இடம் மாமா.

மாமா அம்மாவுடன் கூடப் பிறந்தவர் இல்லை. அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண் யாருமில்லை. அவர் ஹனூருக்குப் பக்கத்துக் கௌதள்ளிக்காரர், அப்பாவோடு ஒரே பஸ்ஸில் மைசூரில் வந்து இறங்கியவர். சென்ட்ரிங் பலகை தூக்கி, மேஸ்திரியாகி, இப்போது சைட், அதாவது காலி மனை, வாங்கி வீடு கட்டி விற்கிறவர். எனக்குக் காது குத்தும்போது உட்கார மாமன் மடி இல்லையே என்று அம்மா கண் கலங்க, "நான் எதுக்கு அம்மணி இருக்கறேன்?" என்று வேட்டியை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். சீராக அவர் கொண்டுவந்தது ஒரு ஜோடி தோடு, கடுகளவு சிவப்புக் கல் வைத்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் மச்சான், அவருக்கு அப்பா மாப்பிள்ளை. எனக்கு மாமா என்றால் அவர்தான். பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று எழுதச் சொன்னால் நான்கு பேர் எழுதுவேன்.

முப்பதுக்கு நாற்பது சைட். பன்னூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு புது லேஅவுட். நாங்கள் முதலில் பார்த்தபோது அஸ்திவாரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது, உள்ளே செம்மண் நிரப்பியிருந்தது. நான் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தாவினேன். தாவினால் போதும்; அவ்வளவு சின்னதாக இருந்தது.

"மாமா, இது சமையலறையா அலமாரியா?"

"அஸ்திவாரத்துல பாத்தா அரமனையே அப்படித்தான் கண்ணு இருக்கும். சுவர் எழும்பட்டும், வூடு தானா வளரும்."

அது உண்மை. நான் பிறகு எத்தனையோ வீடுகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். சுவர் எழும்பியதும் அறை பெரிதாகிவிடுகிறது. அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மைதான். அதனால்தான் மீதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் படித்தவள் அல்லவா? ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கொள்ளலாமே என்றேன். அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "மச்சான்கிட்ட கையெழுத்து வாங்கச் சொல்றியா?"

மாமாதான் எனக்குப் பரிந்து பேசினார். "புள்ள கேக்கறது நியாயம்தான் மாப்ள. படிச்ச புள்ள கேக்கும். கூரை போட்டதும் நேரா ரிஜிஸ்தரே பண்ணிப்போடலாம். நடுவுல எதுக்கு இன்னொரு காகிதம்?" என்று என் பக்கம் திரும்பி, "என்ன கண்ணு, செரிதானே?" என்றார்.

என் பக்கம் பேசுகிறவரிடம் நான் எப்படி இல்லை என்பேன்?

வாசக்கால் வைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவருக்கு முன்னால் வாசக்கால்தான் எழும்பும். சுற்றிலும் ஒன்றுமில்லாமல் வெட்டவெளியில் ஒரு மரச் சட்டம் மட்டும், மஞ்சளும் குங்குமமும் மாவிலையும் வைத்துக்கொண்டு, எங்கோ போகிற கதவு மாதிரி நின்றது. வாசப்படி உட்காரும் குழியில் நவதானியமும் கொஞ்சம் பொன்னும் போட வேண்டும். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அந்தச் சிவப்புக் கல் தோடு, ஜோடியில் ஒன்று.

"அய்யோ, அதையா போடப்போறே?" என்றார் அப்பா.

"இது எங்கண்ணன் வீட்டுச் சீர். என் வாசலுக்கு இதவிட என்ன இருக்குது?"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாமன் குடுத்தது மாமன் கையாலயே போவட்டும் அம்மணி" என்று கையை நீட்டி வாங்கி, குழிக்குள் வைத்து, கலவையைத் தன் கையாலேயே அள்ளிப் பூசினார். அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் முடிந்ததும் ஸ்கூட்டர் தானாகப் பன்னூர் ரோட்டுக்குத் திரும்பும். செங்கல் வரிசை ஜன்னலடி மட்டத்துக்கு வந்ததும் என் அறைக்கு ஒரு ஜன்னல் கேட்டேன், உட்காருகிற ஜன்னல். அடிப்பலகையைத் தாழ்த்தி, வெளிப்பக்கம் அகலமாக ஒரு கான்கிரீட் பலகை நீட்டி, அதன் விளிம்பில் கம்பி. உட்கார்ந்து காலை நீட்டினால் நேரே சாமுண்டி மலை. நோட்டுத்தாளில் வரைந்துகொண்டு போய்க் காட்டினேன்.

"ஜன்னல்ல உக்காருவாங்களா?" என்று மாமா மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்குக் கட்டில்ல நிக்கோணும்னு சொல்லும் போல."

"மாமா, ப்ளீஸ்."

"செய்யி, செய்யி. நம்ம புள்ள கேட்டா அரமனைக் கோபுரத்தையே ஜன்னல்ல வெப்போம்."

செய்தார்கள். அடுத்து ஹால் சுவரில் புத்தகம் அடுக்க ஒரு மாடம் கேட்டேன், சுவருக்குள்ளேயே போகிற மாதிரி, மேலே வளைவு வைத்து. அதையும் செய்தார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் மாமா வந்து தவணையை வாங்கிக்கொண்டு போவார். நான் ஒரு புது யோசனையைக் கொடுத்து அனுப்புவேன். இரண்டையும் அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கூரைக் கான்கிரீட் போட்ட அன்று அம்மா விடியற்காலையில் எழுந்து ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கேசரி கிளறினாள். கலவை மெஷின் காது கிழியச் சுற்றியது. பெண்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். அம்மா வேலைக்காரர்கள் எல்லோருக்கும் இலைத்துண்டில் கேசரி வைத்துக்கொண்டே போனாள். தெருமுனையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாமா அவர்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"யாருங்கண்ணா அவங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பக்கத்துச் சைட்டுக்காரங்க."

"அப்ப நாளைக்கு அக்கம்பக்கமா இருக்கப் போறவங்க" என்று அம்மா அவர்களுக்கும் இரண்டு இலைத்துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

கூரை ஆயிற்று. பதிவு எப்போது?

"ஆஷாடம் பொறந்துடுச்சே அம்மணி" என்றார் மாமா. "இந்த ஊருல ஆஷாடத்துல எவன் பத்திரம் போடுவான்? அது முடியறதுக்குள்ளார நமக்கு ஆடி பொறந்துடும். ஆவணியில மொத முகூர்த்தம், நானே வண்டியெடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். பூச்சு வேலை பாட்டுக்கு நடக்கட்டும், ஆரம்பிச்ச வேலைக்குத் தோசமில்ல."

இதைப் புரிந்துகொள்ள மைசூரில் தமிழராக இருக்க வேண்டும். கன்னடக்காரர்களின் மாதம் நிலாவைப் பார்த்து நடக்கிறது. நம்முடையது சூரியனைப் பார்த்து. அவர்களுக்கு ஆகாத மாதம் ஆஷாடம், நமக்கு ஆடி. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றில்லை. ஆஷாடம் முன்னால் தொடங்கிவிடும். ஆடி அமாவாசையோடு அது முடிந்து, மறுநாளே அவர்களுக்குச் சிராவணம், நல்ல காலம். கடைகளில் பட்டுப்புடவைக் கூட்டம், மண்டபங்களில் நாதஸ்வரம். நமக்கோ ஆடி இன்னும் பாக்கி இருக்கும். மற்ற ஊர்த் தமிழர்களுக்கு ஒரு ஆடிதான். எங்களுக்கு ஒன்றரை. ஊரோடு ஒத்துப்போக ஆஷாடத்தையும் ஒதுக்குவோம், வீட்டு வழக்கத்துக்கு ஆடியையும் ஒதுக்குவோம். இரண்டையும் மதிக்கிறோம் என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கிளம்பும்போது மாமா படியில் நின்று ஒன்று சொன்னார். "இன்னொண்ணு அம்மணி. வாங்கப்போற வூட்ட ஆடியில போய்ப் பாக்கறது ஆகாது. கண்ணு பட்டுப் போயிரும். புள்ளையக் கொஞ்சம் கட்டிப்போட்டு வையி."

எல்லோரும் சிரித்தோம். இப்படி ஒரு சாஸ்திரத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அம்மாவும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அண்ணன் சொன்னார், முடிந்தது. நானும் போகவில்லை. போகாமல் இருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஸ்கூட்டரை வேறு வழியாக ஓட்டினேன்.

வரமகாலட்சுமி பண்டிகை அந்த வருஷம் ஆடிக்குள்ளேயே வந்தது. ஆபீஸில் பாதிப் பேர் லீவு. மத்தியானத்துக்கு மேல் வேலையும் ஓடவில்லை, எனக்கு இருப்பும் கொள்ளவில்லை. மாடத்துக்குள் எத்தனை பலகை வைக்கலாம் என்று அளவெடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, ஐந்தே நிமிஷம், அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது? அளவு டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் ரங்கோலி போட்டிருந்தது.

நான் முதலில் தெரு மாறி வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜன்னல் என் ஜன்னல்தான். வெளியே நீட்டிக்கொண்டு, கம்பிக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, அம்சமாக இருந்தது. வாசக்காலில் மாவிலையும் சாமந்தியும். உள்ளேயிருந்து ஊதுபத்தி வாசனை, பூச்சு ஈரத்தின் வாசனையோடு கலந்து. ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் வெளியே வந்தார். அம்மா வயதுதான் இருக்கும்.

"இந்த லேஅவுட் பொண்ணா? வாம்மா, வா, வெளிய நிக்காதே" என்றார் கன்னடத்தில். "பண்டிகை நாள்ல வாசலுக்கு வந்த பொண்ணு, மஞ்சள் குங்குமம் வாங்காமப் போகக் கூடாது."

நான் ஏன் இறங்கிப் போனேன் என்று தெரியவில்லை. போனேன்.

"வாசப்படிய மிதிச்சுடாதம்மா, பூஜை பண்ணியிருக்கு."

மிதிக்கவில்லை. என் தோட்டைத் தாண்டி உள்ளே போனேன்.

வீட்டில் சாமான் எதுவும் இல்லை. ஹாலில் பாய் மட்டும் விரித்திருந்தது. சுவரில், என் புத்தக மாடத்தில், கலசம். தேங்காய்க்கு முகம் வைத்து, புடவை சுற்றி, வளையல் போட்டு, மேலே அந்த வளைவு அம்மனுக்கென்றே கட்டினதுபோல் பொருந்தியிருந்தது.

"அழகா இருக்குல்ல?" என்றார் அந்த அம்மாள். "பூஜைக்குன்னே மாடம் விட்டிருக்கேம்மான்னு கட்டினவர் சொன்னார். இங்க வா, இன்னொண்ணு காட்டறேன்." என்னைக் கையைப் பிடித்து என் அறைக்குக் கூட்டிப் போனார். "பாரு, உக்கார்ற ஜன்னல்! வேற எந்த வீட்டுலயும் பாக்கலம்மா. எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னார், நான்தான் இந்த ஜன்னலுக்காகவே அடம்பிடிச்சேன். உக்காந்து பாரு. மலை தெரியும்."

உட்கார்ந்தேன். மலை தெரிந்தது.

"எப்ப வாங்கினீங்க?" என்றேன்.

"கூரை போட்ட அன்னிக்கே வந்து பாத்துட்டுப் போனோம். ஆஷாடம் முடியட்டும்னு காத்திருந்தோம். சிராவணம் மொத வெள்ளிக்கிழமையே ரிஜிஸ்டர் ஆயிடுச்சு." பேசிக்கொண்டே தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், வளையல், ஜாக்கெட் துணி எல்லாம் எடுத்துவைத்தார். "ரொம்ப நல்ல மனுஷங்கம்மா. அன்னிக்கு அவர் தங்கச்சி எல்லாருக்கும் கேசரி குடுத்துட்டிருந்தாங்க. எங்களுக்கும் ஓடி வந்து குடுத்தாங்க. யாரு சார் இவங்கன்னு கேட்டேன். என் தங்கச்சி, நான் கட்டற வீட்டுக்கெல்லாம் அவ கையால இனிப்பு செஞ்சாத்தான் எனக்கு ஆகி வரும்னார். அப்படி ஒரு அண்ணன் தங்கச்சி!"

என் நெற்றியில் குங்குமம் வைத்தார். குனிந்து வாங்கிக்கொண்டேன். அவரிடம் என்ன சொல்வது? கையில் மஞ்சளோடு நிற்கிற ஒரு அம்மாளிடம், இது எங்கள் வீடு என்றா? பதிவான பத்திரம் அவரிடம் இருக்கிறது. என்னிடம் அளவு டேப் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கண் என் கையிலிருந்த பையில்தான் விழுந்தது. "யாரு வூட்டுலடி தாம்பூலம்?"

"நம்ம வூட்டுல" என்றேன்.

நான் நடந்ததைச் சொல்லி முடித்தபோது அப்பா போனைக் கையில் எடுத்துவிட்டார். "ஏதாவது காரணம் இருக்கும். மச்சான் அப்படிச் செய்யற ஆளில்ல. கேட்டா சொல்லுவாரு."

"போன வையுங்க" என்றாள் அம்மா.

"என்ன, கேக்க வேண்டாமா?"

"வேண்டாம். ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வண்டியெடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்காருல்ல? வரட்டும்."

நான் சும்மா இருப்பேனா? ஆபீஸ் தோழியின் அண்ணன் வக்கீல், அவரிடம் ஓடினேன். வழக்குப் போடலாம், பணத்தைத் திரும்ப வாங்கலாம், ஆனால் வாங்கினவர்கள் தெரியாமல் வாங்கினவர்கள், வீடு கிடைப்பது கஷ்டம் என்றார். "ஒரு அக்ரிமெண்ட் கூடவா போடல? நீ படிச்ச பொண்ணாச்சே?" என்றார். மாமாவும் அதையேதான் சொல்லியிருந்தார், படிச்ச புள்ள என்று.

அம்மா மிச்ச ஆடி முழுவதும் சமைத்தாள், துணி மடித்தாள். மாமா ஒரு தடவை போன் செய்தபோது அவளே எடுத்து, "ஆமாங்கண்ணா, ஆவணிக்குப் பாத்துக்கலாங்கண்ணா" என்று சாதாரணமாகப் பேசினாள். எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நாள் வந்தது. காலையில் அம்மா தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவைக்கு அடுத்தபடியான பச்சைப் பட்டைக் கட்டி, பூ வைத்துக்கொண்டாள். கைப்பையில் ஆதார் அட்டை, போட்டோ, பேனா எல்லாம் வைத்தாள். "நீயும் நல்லதா உடுத்திக்க" என்றாள் என்னிடம். அப்பா பனியனோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா வந்தார். உண்மையிலேயே வந்தார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி மைசூர் பாக்கு. படியேறி வந்தவர் பட்டுப்புடவையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"போலாங்களாண்ணா?" என்றாள் அம்மா.

"எங்க... அம்மணி?"

"ரிஜிஸ்தர் ஆபீசுக்கு. நீங்கதான மொத முகூர்த்தம்னு சொன்னீங்க? ராகுகாலத்துக்கு முன்னால போயிரலாம்."

"அது... உக்காரு அம்மணி. ஒரு சின்ன விசயம்."

"வண்டியில பேசிக்கலாங்கண்ணா. நேரமாவுது."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, எங்களுக்குத் தெரியும் என்று. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அந்த வூடு கைமாறிப்போச்சு அம்மணி."

"எந்த வூடு?"

"நம்ம வூடுதான்."

"யாரு மாத்தினா?"

மாமா பழச் சீப்பை மேஜையில் வைத்தார். அம்மா விடவில்லை. "சொல்லுங்கண்ணா. யாரு மாத்தினா?"

"நான்தான்" என்றார் மாமா. பிறகு மளமளவென்று வந்தது. கடன் நெருக்கினது, அவர்கள் மொத்தமாகக் கையில் வைத்தது, எங்களிடம் கேட்டால் தவணைதான் வரும் என்று தெரிந்தது. "உம்பட ஜன்னலப் பாத்துத்தான் கண்ணு அவங்க மயங்கிப் போனாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "அதே தெருவுல அடுத்த சைட்டுல அஸ்திவாரம் எடுக்கறேன். இதவிடப் பெருசு. அதே ஜன்னல், அதே மாடம், அப்படியே வெச்சுத் தரேன். குடுத்த பணம் அதுலயே நிக்கட்டும்."

"ஆடியில கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றேன் நான். என்னிடமிருந்து வந்தது அது ஒன்றுதான். "எங்களப் பாக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு."

"வாங்கறவங்களுக்குச் சிராவணம் கண்ணு" என்றார் மாமா, குழந்தைக்குச் சொல்வதுபோல.

அப்பா தொண்டையைச் செருமினார். "செரி, நடந்தது நடந்துபோச்சு. மச்சானும் தேடி வந்து சொல்லிட்டாரு. அடுத்த வூட்டுக்கு..."

அம்மா உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மாமா கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பின் மேல் ஒன்றை வைத்தாள். சிவப்புக் கல் தோடு, ஜோடியில் மிஞ்சினது.

"அய்யோ அம்மணி, இது எதுக்கு?"

"ஒண்ணு அங்க வாசப்படிக்கு அடியில இருக்குது. அத எடுக்கோணும்னா அந்தப் பொம்பளையோட வாசல இடிக்கோணும். அவ என்ன பாவம் பண்ணா? இதையாவது எடுத்துட்டுப் போங்க."

"நான் புதுசா ஒரு ஜோடி செஞ்சு..."

"அது மாமன் குடுத்தது. புதுச யாரு குடுப்பாங்க?" என்றாள் அம்மா. "பழத்தையும் எடுத்துக்கங்க. நாங்க இன்னிக்கு நல்ல காரியத்துக்குப் போகல."

மாமா தோட்டைத் தொடவே இல்லை. எழுந்தார். அம்மா சீப்பைத் தோட்டோடு எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் படியிறங்கினார். பின்னாலேயே அப்பா இறங்கினார், பனியனோடு, கேட் வரைக்கும், எப்போதும்போல. நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். கேட்டருகில் மாமா ஏதோ சொல்ல, அப்பா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மாமா விற்றது ஒரு வீடு. அந்தத் தட்டலை நான் என்ன செய்வேன்?

பணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது, மாமாவின் ஆட்கள் மூலம். தசராவுக்கு முன் சொன்னபடி காலி செய்து இன்னொரு மாடி வீட்டுக்கு வந்தோம். சாமான் ஏற்றும் அன்று ஊரெல்லாம் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். இந்த வீட்டுக்காரம்மாவும் காலையில் பெரிய ரங்கோலி போடுகிறார். அம்மா ஓரமாகத் தாண்டுகிறாள். சாமுண்டி மலை இங்கிருந்து தெரியாது.

போன மாதம் ஒரு சாயங்காலம் அப்பா பால்கனியில் போனில் பேசிக்கொண்டிருந்தார், குரலைத் தாழ்த்தி. அம்மா அடுப்படியில் இருந்தாள். குக்கர் சத்தம் அடங்கின நேரத்தில் அப்பாவின் குரல் மட்டும் தெளிவாக உள்ளே வந்தது.

"ஜன்னல் மட்டம் வந்துருச்சா?"

அப்பா உள்ளே வந்ததும் அம்மா கேட்டாள். "யாருங்க போன்ல?"

"ஃபேக்டரி ஆளு."

அம்மா என்னைப் பார்த்தாள். "ஃபேக்டரிக்கு ஜன்னல் வெக்கறாங்களாமா?" என்று என்னிடம்தான் கேட்டாள்.

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அன்றிலிருந்து அப்பா படியேறி வரும்போது அம்மா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசப்படி இல்லாத இந்த வீட்டின் கடைசிப் படியில் அவர் கழற்றி விடுகிற செருப்பைப் பார்க்கிறாள், குனிந்து, அடியைத் திருப்பி. தொழிற்சாலையில் செம்மண் கிடையாது.